மேனகாவின் அரைக் கிளச்

இப்போது வருகிற டேர்போ கார்களில் நின்ற இடத்திலிருந்து பாய்வதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு, பிறேக்கையும் எக்ஸிலேற்றரையும் ஒன்றாக மிதித்து, பிறகு பிறேக்கை விட்டால் கார் தானாகவே பாய்கிறது. போன கிழமை பழைய கராஜுக்குப் போனபோது அங்கே வேலை செய்கிறவர்கள் அப்படி ஒன்றைக் காட்டி, "பாஸ், உங்கட காலத்தில இதெல்லாம் எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டார்கள். கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் ஏதோ மாட்டுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் என்கிற மாதிரி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சிவநேசன். எங்கள் பக்கம் கைவேலை தெரிந்த எவரும் பாஸ்தான். மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்று. நான் நேசன் பாஸ். திருகோணமலைத் துறைமுகத்தையொட்டிய வீதியில் இருக்கும் கராஜ் ஒன்றில்தான் என் முழு உத்தியோகமும் கழிந்தது. மீன்பிடிப் படகுகளின் எஞ்சினில் தொடங்கி, லொறிகளின் வயரிங்குக்கு வந்து, பிறகு ஜப்பானிலிருந்து கம்பியூட்டரோடு கார்கள் வந்து இறங்க, கொழும்புக்குப் போய் அதையும் படித்துக்கொண்டு வந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பசி, கிறீஸ், பஸ் பயணம். அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது எங்கள் முதலாளி நஸீர் நானாவைப் பற்றி. நானா என்றால் முஸ்லிம்களிடம் அண்ணன். கிண்ணியா, குறிஞ்சாக்கேணிக்காரர். காலையில் கடல்நீர்க் களப்பைக் கடந்து வந்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு பிளேன்ரீ குடித்த பிறகுதான் வாய் திறப்பார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். எனக்கோ கோபம் வந்தால் கையிலிருக்கிற ஸ்பனர் பறக்கும். எப்படி இவ்வளவு காலம் ஒன்றாகக் குப்பை கொட்டினோம் என்று ஆட்கள் கேட்பார்கள். எனக்கும் தெரியாது.

நானாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பெரிய வேலை முடிந்தாலும் சாவியைத் திருப்ப விடமாட்டார். "முதல்ல வாயால ஓட்டு" என்பார். ஒரு பழைய மரக் கதிரை இருந்தது. வேலை செய்தவன் அதில் குந்தி, கார் எப்படி ஓடப்போகிறது என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். சாவியைத் திருப்புகிறேன், பெற்றோல் பம்ப் இயங்குகிறது, எஞ்சின் பிடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நானா "மறுகா?" என்பார். கிழக்கில் முஸ்லிம்கள் "பிறகு?" என்பதற்குச் சொல்கிற சொல். மறுகா, மறுகா என்று கேட்டுக்கொண்டே போவார். ஓரிடத்தில் நமக்குப் பதில் வராது. அந்த இடத்தில்தான் வயர் கழன்றிருக்கும், அல்லது ஆணி இறுகாமல் இருக்கும். முதல் தடவை நான் அப்படி அகப்பட்டபோது, "என்ன நானா, நான் என்ன சின்னப் பிள்ளையோ?" என்று எரிந்து விழுந்தேன். அவர் பொனற்றைத் திறந்து, நான் பூட்ட மறந்த எண்ணெய்க் குழாயைத் தொட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு கதிரையில் குந்தச் சொன்னால் நான் வாய் காட்டியதில்லை. அதாவது, பெரிதாக வாய் காட்டியதில்லை.

இனி அந்தக் கார்.

ஐஸ் ஆலை வைத்திருக்கும் சூரியகுமார், நாங்கள் சூரி என்போம், ஒரு ஜப்பான் டேர்போ காரை வாங்கி எங்களிடம் கொண்டுவந்து விட்டார். கை கியர், நல்ல எஞ்சின். புல்மோட்டை வீதியில் ஒரு நேரான துண்டை அனுமதி எடுத்து மறித்து, இரண்டு இரண்டு காராக விடும் நேர் ஓட்டப் போட்டி நடக்கப்போகிறது. அதற்குத் தயார்செய்து தர வேண்டும் என்றார்.

"ஆர் ஓட்டுறது?" என்று கேட்டேன்.

"மேனகா."

மேனகா சூரியின் ஐஸ் லொறியை ஓட்டுகிறவள். ஈச்சிலம்பற்றில் வயல் செய்யும் குடும்பம். முப்பது வயது ஆகவில்லை. ஐஸ் கரைவதற்குள் புல்மோட்டைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று லொறியை அவள் ஓட்டுகிற விதத்தைப் பார்த்துத்தான் சூரிக்கு அந்த எண்ணமே வந்தது. ஊரில் கதை எழும்பியது. "பொம்பிளப் பிள்ளைக்கு ஏன் உந்த வேலை?" என்று என்னிடமே வந்து கேட்டார்கள். "உங்களுக்கு ஏன் உந்தக் கதை?" என்று திருப்பிக் கேட்டு அனுப்பினேன்.

விளங்காதவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சொல்ல வேண்டும். டேர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகை போதாது. விசிறி சோம்பிக் கிடக்கும். பச்சை விளக்கு விழும் கணத்தில் அது சோம்பிக் கிடந்தால் பக்கத்துக் கார் போய்விடும். ஆகவே நிற்கும்போதே எக்ஸிலேற்றரை அடிவரை மிதித்து விசிறியைச் சுழல விட வேண்டும். ஆனால் அப்படி மிதித்தால் எஞ்சின் ஏழாயிரம் சுற்றுக்கு ஏறிவிடும். அதில் கிளச்சை விட்டால் ரயர் புகைய, கார் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் எஞ்சின் கம்பியூட்டருக்கு இரண்டு எல்லை சொல்லிக் கொடுப்போம். ஓடும்போது ஏழாயிரம். கார் நின்று, கிளச் மிதிபட்டிருக்கும்போது நாலாயிரம். அதைத் தாண்டப் பார்த்தால், பெற்றோலைப் பற்றவைக்கிற மின்பொறியை வெட்டிவிடு. கிளச் மிதிபட்டிருக்கிறதா என்று கம்பியூட்டருக்குச் சொல்வது பெடலுக்குப் பின்னால் இருக்கும், விரல் நுனியளவு சுவிச் ஒன்று. அந்தச் சுவிச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறியை வெட்டாமல் பெற்றோலை வெட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். வெட்டலாம், பிறகு பெற்றோல் குறைந்த சூட்டில் உருகிய பிஸ்டனைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வரலாம். பொறியை வெட்டினால் எரியாத பெற்றோல் புகைக் குழாய்க்குள் போய் எரியும். அந்த உதைப்பில் டேர்போ இன்னும் வேகமாகச் சுழலும். ஒரேயொரு கரைச்சல், சத்தம். டப் டப் டப் என்று வெடிக்கும். யுத்தம் கண்ட எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆட்கள் சும்மா இருப்பார்களா? சோதிக்கிற நாளில் நஸீர் நானா நல்ல சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். பள்ளிவாசலில் சொல்வார், கோயிலில் சொல்வார், சந்தியில் காவலுக்கு நிற்பவர்களிடமும் சொல்வார். "பின்னேரம் கராஜில கார் ஒண்டு வெடிக்கும். பயப்புடாதீங்க." பக்கத்து வீட்டு அக்கா மட்டும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். யாரும் அவரைப் பகிடி பண்ணமாட்டோம்.

நான் எல்லாவற்றையும் செய்தேன். சுவிச்சை வழக்கமான இடத்தில், பெடல் அடியில் போய் முட்டுகிற இடத்தில் பூட்டினேன். எல்லையை நாலாயிரத்தில் வைத்தேன். டேர்போவுக்குப் புகையின் வேகம் கூடட்டும் என்று பொறியைச் சற்றுப் பிந்திப் போட வைத்தேன். சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கதிரையில் குந்தி வாயால் ஓட்டி, நானாவின் எல்லா "மறுகா"வுக்கும் பதில் சொல்லி, பிறகு காரில் ஏறி மிதித்தேன். முள் நாலாயிரத்தில் நின்று துடித்தது. டப் டப் டப். டேர்போவின் அழுத்தம் ஏறியது.  நானா தலையை ஆட்டினார். அவரிடமிருந்து அதுவே பெரிய பரிசு.

அடுத்த நாள் ஆளில்லாத வீதியில் மேனகா ஏறினாள். கிளச், கியர், எக்ஸிலேற்றர். எஞ்சின் விர்ரென்று ஏழாயிரத்துக்கு ஏறியது. நாலாயிரத்தில் நிற்கவே இல்லை. அவள் கிளச்சை விட, ரயர் புகைந்து கார் வாலை ஆட்டியது. நான் ஏறினேன், நாலாயிரத்தில் நின்றது. அவள் ஏறினாள், ஏழாயிரம். நான், நாலாயிரம். சுவிச்சை மாற்றினேன். வயரை மாற்றினேன். கம்பியூட்டரில் எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுதினேன். எனக்கு எப்போதும் சரியாக வரும், அவளுக்கு ஒரு தடவைகூட வராது. அதுதான் ஆளை விசராக்குகிற விசயம்.

கராஜுக்குத் திரும்பியதும் சூரி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "பாஸ், காரில பிழையில்லை. அவள் பதறுறாள். கொழும்பில எனக்குத் தெரிஞ்ச ஓட்டக்காரர் ஒருத்தர் இருக்கிறார். வரச் சொல்லீட்டன்."

மேனகா பக்கத்தில்தான் நின்றாள். "நான் பதறேல்ல அண்ணை" என்றாள்.

"அப்ப ஏன் உனக்கு மட்டும் வேலை செய்யேல்ல?"

அவளுக்குக் கண் கலங்கியது, ஆனால் அழவில்லை. "இஞ்ச ஓட்டக் கிடைச்சா ஓட்டுவன். கிடைக்காட்டி இனி ஒருத்தனும் எனக்குக் கார் தரமாட்டான். பொம்பிளையால ஏலாது எண்டு எல்லாரும் கதைச்சு முடிச்சிடுவினம்" என்றாள். அது உண்மை. அங்கே நின்ற எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

எனக்குச் சுறுக்கென்று ஏறிவிட்டது. "சூரி, என்ர வேலை சரி. இந்தப் பிள்ளையும் சரி. பிழை இது ரெண்டுக்கும் நடுவில எங்கயோ கிடக்கு. அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்ரியரிங்கில வேற ஒருத்தரும் கை வைக்கேலாது!" என்று கத்தினேன். கராஜே திரும்பிப் பார்த்தது.

சூரியும் நல்ல மனிதர்தான். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "சரி. போட்டியண்டு காலமை பயிற்சி ஓட்டம் ஒண்டு தருவினம். மேனகா ஓடட்டும். கார் ஒழுங்கா வெளிக்கிட்டா அவள். இல்லாட்டி அவர். அதுக்கு மேல என்னட்டக் கேக்காதேங்கோ."

நானா மரக் கதிரையை இழுத்து நடுவில் போட்டார். "வாங்க மகள். குந்துங்க. வாயால ஓட்டுங்க."

"நானா, அது பாஸ்மாருக்கெல்லோ" என்றாள் மேனகா.

"ஓட்டுறது நீங்கதானே? நீங்கதான் செல்லோணும்."

அவள் குந்தினாள். முன்னால் ஒன்றுமில்லை, வெறும் சீமெந்து நிலம். நானா ஒரு வெற்று எண்ணெய் ரின்னைக் கவிழ்த்து எதிரே குந்தினார். நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன், சூரியும் அப்படித்தான். நானா மட்டும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோட்டில கொண்டந்து நிப்பாட்டுறன்."

"மறுகா?"

"கிளச்சை மிதிக்கிறன். முதலாம் கியர் போடுறன்."

"மறுகா?"

"எக்ஸிலேற்றரை அடியோட மிதிக்கிறன். விளக்கைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

நானா "மறுகா" சொல்லவில்லை. குனிந்து அவளுடைய கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மகள், அந்தக் கால் ஏன் அந்தரத்துல நிக்குது?"

பார்த்தோம். வலது பாதம் நிலத்தில் ஒட்டிக் கிடந்தது. இடது பாதத்தின் குதி மட்டும் நிலத்தில். முன்பாதம் பாதியில் நின்றது.

"மிதிச்சிருக்கிறன் நானா."

"நிலம் இன்னும் கீழ இருக்கே."

"இதுக்கு மேல மிதிச்சா மெசின் நிண்டிடுமெல்லோ" என்றாள்.

 அவள் தான் சொன்னதைத் தானே கேட்டுத் திகைத்துவிட்டாள்.

"எந்த மெசின்?" என்றார் சூரி.

மேனகா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! சூடடிக்கிற மெசின்!"

நான் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினேன். சூரி பட்டணத்துப் பிள்ளை, அவருக்கு விளங்கவில்லை. விளக்கினேன். வயலில் சூடடிக்கும், அதாவது நெல்லை வைக்கோலிலிருந்து பிரிக்கும், மெசினை ஓட்டுவது ட்ராக்டரின் பின்னால் சுழலும் தண்டு. அந்த ட்ராக்டரின் கிளச்சுக்கு இரண்டு படி உண்டு. பாதி மிதித்தால் சில்லு மட்டும் நிற்கும். அடிவரை மிதித்தால் தண்டும் நின்று, மெசினும் நின்றுவிடும். வாய் நிறைய வைக்கோலோடு மெசின் நின்றால் கதை முடிந்தது. கையால் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். மேனகா பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே தகப்பனோடு ட்ராக்டரில் ஏறியவள். கிளச் கொஞ்சம் ஆழமாகப் போனால் சூட்டுக் களத்தின் மறுகரையிலிருந்து, "முழுக்க மிதியாத! மெசின் நிண்டிடும்!" என்று தகப்பன் குரல் வருமாம். அந்தக் கால் அதற்குப் பிறகு எந்த வாகனத்திலும் முழுக்க இறங்கியதே இல்லை. லொறிக்கும் காருக்கும் பாதி மிதித்தாலே கிளச் விட்டுவிடும். ஆகவே யாருக்கும், அவளுக்கேகூடத் தெரியவில்லை. அடியில் காத்துக்கொண்டிருந்த என் சுவிச்சுக்கு மட்டும் அவள் கால் வந்து சேரவில்லை.

"அப்ப லேசு. முழுக்க மிதிக்கப் பழகட்டும்" என்றார் சூரி.

"ஏலாது" என்றார் நானா. "இங்க மிதிப்பா. அங்க விளக்கு எரியக்குள்ள கால் பழைய இடத்துக்குத்தான் போகும். காலை மாத்த ஏலாது. நேசன், சுவிச்சை மாத்து."

அதைத்தான் செய்தேன். பின்சில்லுகளை ஜாக்கில் தூக்கி, கியரைப் போட்டு, எஞ்சினை மெல்ல ஓடவிட்டுக் கிளச்சை மயிரிழை மயிரிழையாக விட்டுப் பார்த்தேன். எந்த இடத்தில் சில்லு சுழலத் தொடங்குகிறதோ அங்கே பெடல் தண்டில் சோக்கால் கோடு கீறினேன். மேனகாவைக் கூப்பிட்டு அவளுடைய வழக்கப்படி மிதிக்கச் சொன்னேன். அவளுடைய கால் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே போய் நின்றது. எத்தனை தடவை மிதிக்கச் சொன்னாலும் அதே இடம்தான். அப்படியொரு காலை நான் கண்டதில்லை. இரண்டுக்கும் நடுவில், கோட்டோடு ஒட்டினாற்போலச் சுவிச்சைக் கொண்டுவந்து பூட்டினேன்.

இனித்தான் உண்மையான சந்தோசம். நானா போய் வீதிக்குச் சொல்லிவிட்டு வந்தார், பக்கத்து வீட்டு அக்கா கதவைச் சாத்தினார், மேனகா காரில் ஏறினாள். டப் டப் டப்! முள் நாலாயிரத்தில் ஆணி அடித்தாற்போல நின்றது. பிறகு ஆளில்லாத வீதிக்குக் கொண்டுபோய் ஓடவிட்டோம். கார் புறப்பட்ட விதம் எனக்கே புதிது. முன்பு நான் சோதித்தபோதெல்லாம் கிளச்சை விடும்போது முள் ஒரு துள்ளுத் துள்ளி, அதற்குப் பிறகுதான் கார் பிடிக்கும். சுவிச் அடியில் இருந்ததால், பெடல் மேலே வர வெளிக்கிட்டவுடன் எல்லை கழன்றுவிடும். கிளச் பிடிப்பதற்குள் எஞ்சின் ஏறிவிடும். எல்லாக் கார்களுக்கும் அப்படித்தான், அதை யாரும் குறையாகப் பார்த்ததில்லை. இப்போதோ கிளச் பிடிக்கிற அதே புள்ளியில் எல்லை கழல்கிறது. துள்ளல் இல்லை, புகை இல்லை. கார் அப்படியே எழும்பிப் போனது.

"பாஸ், இது முந்தினதிலும் நல்லாயிருக்கு!" என்று கத்திக்கொண்டு இறங்கினாள் மேனகா.

"தெரியுது பிள்ளை, தெரியுது" என்றேன்.  அதற்குப் பிறகு நான் செய்த ஒவ்வொரு காருக்கும் அந்தச் சோக்குக் கோடு கீறித்தான் சுவிச் பூட்டினேன். கராஜில் இன்றைக்கும் அதற்குப் பெயர் மேனகா பூட்டு.

போட்டியன்று காலை கடற்காற்று வீதியில் மணலைத் தள்ளிக்கொண்டு வந்தது. வழியெல்லாம் தும்புத்தடியால் கூட்டினார்கள். கொழும்பு ஓட்டக்காரரும் தலைக்கவசத்தோடு வந்திருந்தார். மரியாதையான மனிதர், மேனகாவுக்குக் கைகொடுத்து, "நல்லா ஓடுங்க" என்றார். டேர்போ திணிக்கும் காற்றைக் குளிர்விக்கும் தகட்டின்மேல் சூரியின் ஆலை ஐஸை மேனகாவே சாக்கில் கட்டி வைத்தாள். அவளுக்கு ஐஸ் தூக்கச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?

பயிற்சி ஓட்டம். அவள் கோட்டுக்கு வந்தாள்.  டப் டப் டப் டப். விளக்கு விழ, கார் ஒரு கோடு கீறினாற்போல நேரே போனது. சூரி என்னைப் பார்த்தார், கொழும்புக்காரரைப் பார்த்தார். கொழும்புக்காரர் தன் தலைக்கவசத்தைப் பைக்குள் வைத்து, சிப்பை இழுத்துப் பூட்டினார். "எனக்கு இங்க வேலை இல்ல" என்று சிரித்தார்.

அன்று அவள் ஓடிய எல்லா ஓட்டத்தையும் வென்றாள். கடைசி ஓட்டத்தில் பக்கத்தில் நின்றது எங்களுடையதைவிடப் பெரிய எஞ்சின். நானாவுக்குக் கூட்டத்தில் நெருக்குப்பட ஏலாது; ஒரு மரத்தடியில் குந்தியிருந்தார். அதனால் நான் எட்டி எட்டிப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கோட்டுக்கு வந்திட்டாள் நானா!"

"மறுகா?"

"மிதிச்சிட்டாள், வெடிக்குது, கேக்குதே?"

"மறுகா?"

"விளக்கு விழுந்திட்டுது! வெளிக்கிட்டாள்! முன்னுக்கு! முன்னுக்கு நிக்கிறாள்!"

"மறுகா, மறுகா?"

"பெரிய எஞ்சின் கிட்ட வருது… வருது… இல்லை! முடிஞ்சுது! வெண்டிட்டாள் நானா! எங்கட பிள்ளை வெண்டிட்டாள்!"

நானா எழும்பி நின்றுவிட்டார். அவ்வளவு காலத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று போட்ட சத்தத்துக்கு மரத்திலிருந்த காகமெல்லாம் பறந்தது.

முடிவுக் கோட்டுக்கு ஓடினோம். மேனகாவைச் சுற்றிக் கூட்டம். பொம்பிளப் பிள்ளைக்கு ஏன் உந்த வேலை என்று முந்தி என்னிடம் வந்து கேட்ட ஆட்களும் அதற்குள் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஈச்சிலம்பற்றிலிருந்து பஸ் மாறி மாறி வந்த அவளுடைய தகப்பன், வெள்ளைச் சாரமும் வியர்த்த சேட்டுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சுவிச்சும் கதிரையும் சோக்குக் கோடும் அவருக்கு ஒன்றும் தெரியாது. மகளுடைய தலையில் கையை வைத்தார். காரை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். குனிந்து உள்ளே பெடல்களையும் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"பிள்ளை, கிளச்சை முழுக்க மிதிக்கேல்லத்தானே?"

"இல்லையப்பா" என்றாள் மேனகா. "அரைதான்."

"அதுதானே பாத்தன்" என்றார் அவர்.